முதல் கொமிட்: மென்பொருள் வேலைக்குப் பதிப்புக் கட்டுப்பாடு அமைத்தல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள ஒரு ரியூட்டரிக்காக (தனியார் வகுப்பு நிலையத்துக்காக), நானும் கொக்குவிலில் இருந்த ஒரு தம்பியும் சேர்ந்து, மாதக் கட்டணத்தைக் கணக்கிடும் சிறிய மென்பொருளொன்றை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் இருவருக்கும் இடையே ஒரு பென்ட்ரைவ்தான் போய்வந்துகொண்டிருந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் படித்தால் இரண்டாவது பிள்ளைக்கு அரைக் கட்டணம் என்ற கழிவை நான் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதி முடித்துப் பென்ட்ரைவில் போட்டேன். அவரோ அதே கோப்பின் பழைய பிரதியில், மாத நடுவில் சேர்ந்தவர்களுக்குரிய கணக்கை எழுதி, வியாழக்கிழமை என் கோப்பின் மேலேயே பிரதி செய்துவிட்டார். மாத முடிவில் பற்றுச்சீட்டுகள் அச்சாகியபோது, "அண்ணா, உங்கட லப்டொப்பில கழிவு சரியா வருது, ரியூட்டரிக் கணினியில மட்டும் ஏன் வரேல்லை?" என்று அவரே என்னிடம் கேட்டார்.

என் மடிக்கணினியில் கழிவு இருந்தது, நடுமாதக் கணக்கு இல்லை. அவரிடம் நடுமாதக் கணக்கு இருந்தது, கழிவு இல்லை. ரியூட்டரியில் இருந்தது இவை இரண்டுக்கும் முந்திய இன்னொன்று போலத் தோன்றியது. எந்தப் பிரதி எதிலிருந்து பிரிந்தது, எந்த வரியை யார் எதற்காக மாற்றினார் என்ற விவரம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு முழு இரவு ஒப்பிட்ட பிறகே சரியான நான்காவது பிரதி உருவானது.

இந்தத் தொல்லை கணினியோடு பிறந்ததன்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முனைந்தபோது அவர் முன் கிடந்தவையும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பிரதிகளே. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர் ஓரிடத்தில் ஓரெழுத்தை மாற்றினால், அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரிடமும் அந்த மாற்றம் சென்றுவிடும். மாற்றியவர் யார், தெரிந்து மாற்றினாரா, தவறி மாற்றினாரா என்பதை ஏடு சொல்லாது. பாடபேதம் என்று பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் எழுதுவது இத்தகைய வேறுபாடுகளையே. மென்பொருள் எழுதுவோர், இந்த விவரத்தை மாற்றம் நிகழும் கணத்திலேயே எழுதிவைக்கும்படி ஒரு கருவியை அமைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். அத்தகைய கருவிகளுள் கிட் என்பதைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன்.

கிட் எங்கிருந்து வந்தது

1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி எழுதிய ஆர்.சி.எஸ். ஆகிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் தனித்தனிக் கோப்புகளின் வரலாற்றைக் காத்தன. பின்னர் வந்த சி.வி.எஸ்., சப்வேர்ஷன் போன்றவை, முழு வேலையின் வரலாற்றையும் நடுவில் உள்ள ஒரு சேவையகத்தில் வைத்தன. அந்தச் சேவையகத்தோடு தொடர்பு இல்லாவிட்டால் புதிய மாற்றம் ஒன்றைப் பதிய முடியாது என்பது அவற்றின் பெரிய குறை.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். 2005இல் அந்த இலவச அனுமதி மீளப்பெறப்பட்டதும், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் திகதி தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் திகதி அந்தக் கருவி தன் சொந்த நிரலையே தனக்குள் பதிந்துவைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதுவே கிட். அதே ஆண்டு யூலையில் யூனியோ ஹமானோ அதன் பராமரிப்பை ஏற்றார்.

கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்த நாட்களை இங்கு மறந்தவர் இல்லை. அப்போது ரௌட்டர் அணைந்து கிடந்தாலும், மடிக்கணினியின் பற்றரியில் மீதி இருக்கும் வரை மாற்றங்களைப் பதியலாம், பழையதைத் திருப்பிப் பார்க்கலாம், இரண்டு பதிவுகளை ஒப்பிடலாம். இணையம் இன்றிக் கிட் இயங்காது என்று பலர் எண்ணுவதற்குக் காரணம், அவர்கள் கிட்டையும் கிட்ஹப்பையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதே. கிட் உங்கள் கணினியில் இருக்கும் கருவி. கிட்ஹப் அந்த வரலாற்றின் இன்னொரு பிரதியை இணையத்தில் வைத்துக்கொள்ளும் இடம். முதல் வாரம் கிட்ஹப்பை நினைக்கவே தேவையில்லை என்பது என் கருத்து.

நிறுவுதலும் பெயர் சொல்லுதலும்

நிறுவுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் வைத்திருப்போர் கிட்டின் சொந்த இணையத்தளத்திலிருந்து நிறுவியை இறக்கிக்கொள்ளலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். இனிவரும் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். அவற்றைக் கணினியின் கட்டளை வரிச் சாளரத்தில் (டெர்மினலில்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் நீங்கள் யார் என்பதைக் கிட்டுக்குச் சொல்ல வேண்டும். "கிட் கொன்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்" என்று தட்டி, அதன் பின் மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயரைக் கொடுங்கள்; "யூசர்.ஈமெயில்" என்பதற்கும் அவ்வாறே. இந்தப் பெயரும் முகவரியும் நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடக் கணினியிலோ பலர் மாறிமாறி இருக்கும் அலுவலகக் கணினியிலோ வேலை செய்வோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: "குளோபல்" என்று கொடுத்த பெயர் அந்தக் கணக்கில் வேலை செய்யும் எல்லோருக்கும் பொருந்தும், அதனால் நீங்கள் எழுதிய நிரல் உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் பெயரில் பதிவாகிவிடலாம். அத்தகைய இடத்தில், அடுத்த படியில் களஞ்சியத்தை (கிட் வரலாற்றைக் காக்கும் கோப்புறையை) உருவாக்கிய பின், அதற்குள் நின்றுகொண்டு "குளோபல்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பெயரைக் கொடுத்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அது செல்லும்.

அடுத்து உங்கள் மென்பொருள் இருக்கும் கோப்புறைக்குள் சென்று "கிட் இனிட்" என்று தட்டுங்கள். அந்தக் கோப்புறை இப்போது களஞ்சியம் ஆகிவிட்டது. வெளியில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே, புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான ஒரு கோப்புறை பிறந்திருக்கும். வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் கோப்புகள் இருக்கும், வரலாறு போய்விடும். டெஸ்க்டொப்பில் நின்றுகொண்டு இந்தக் கட்டளையைத் தட்டிவிட்டுப் பிறகு கல்யாணப் படங்கள் வரை எல்லாவற்றையும் கிட் எண்ணுகிறதே என்று திகைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பெட்டி கட்டுதல்

புதியவர்களைக் குழப்புவது, ஒரு மாற்றம் களஞ்சியத்துக்குள் செல்லும் முன் இடையில் ஓரிடத்தில் நிற்பதாகும். கொழும்பில் படிக்கும் பிள்ளைக்கு இரவு பஸ்ஸில் பெட்டி அனுப்பும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒடியல் மா, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பொரிவிளாங்காய், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் என்று எல்லாம் குசினி நிலத்தில் பரவிக் கிடக்கும். அவற்றுள் இன்று போக வேண்டியவற்றை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் வைப்பார். மனம் மாறினால் ஒன்றை வெளியே எடுப்பார். எல்லாம் சரி என்றானதும் பெட்டியை ஒட்டி, மேலே எழுதி அனுப்புவார். குசினி நிலம் என்பது நீங்கள் வேலை செய்யும் கோப்புறை. பெட்டிக்குள் வைப்பது "கிட் அட்". ஒட்டி மேலே எழுதுவது "கிட் கொமிட்". எது நிலத்தில் கிடக்கிறது, எது பெட்டிக்குள் இருக்கிறது என்று பார்ப்பது "கிட் ஸ்டேட்டஸ்"; தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னும் பின்னும் இதைத் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்த இடைநிலை வீண் வேலை அன்று. கழிவுக் கணக்கைத் திருத்தும்போது தற்செயலாகப் பற்றுச்சீட்டின் தலைப்பையும் மாற்றியிருப்பீர்கள். அவை இரண்டு வேறு காரியங்கள். இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டினால், பிறகு ஒன்றை மட்டும் திரும்பப் பெறுவது எளிது.

ஒவ்வொரு கொமிட்டும் அந்தக் கணத்தில் முழு வேலையும் இருந்த நிலையின் பதிவாகும். மாறாத கோப்பின் உள்ளடக்கத்தைக் கிட் மறுபடி சேமிப்பதில்லை, முன்பு சேமித்ததையே சுட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கொமிட்டுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த 40 குறிகளாலான அடையாளம் ஒன்று உண்டு; பேச்சிலும் கட்டளையிலும் முதல் ஏழு குறிகள் பெரும்பாலும் போதும். அந்த அடையாளம் கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு, முந்திய கொமிட்டின் அடையாளம் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கணக்கிடப்படுவதால், பழைய பதிவொன்றில் யாரேனும் கைவைத்தால் அதற்குப் பின்வரும் எல்லா அடையாளங்களும் மாறிவிடும்.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

முதல் கொமிட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் இது. புள்ளியில் தொடங்கும் "கிட்இக்னோர்" என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை உருவாக்கி, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். நிரலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியவையும், வெளியிலிருந்து இறக்கிய, பிறர் எழுதிய நிரல் நூலகங்களும் அதில் சேரும். எங்கள் வேலையில் அதைவிட முக்கியமானவை இரண்டு இருந்தன: தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருந்த கோப்பு, மாணவர்களின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் இருந்த தரவுக் கோப்பு.

கடவுச்சொல்லை ஒருமுறை கொமிட் செய்துவிட்டு, அடுத்த கொமிட்டில் அழித்தால் போதும் என்று எண்ணக் கூடாது. எதையும் மறக்காதிருப்பதே இந்தக் கருவியின் தொழில். பழைய கொமிட்டைத் திறந்தால் கடவுச்சொல் அங்கேயே இருக்கும். இணையத்துக்கும் அது சென்றுவிட்டால், வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இன்னொன்று: ஏற்கெனவே கொமிட் செய்யப்பட்ட கோப்பின் பெயரை விலக்குப் பட்டியலில் எழுதுவதால் மட்டும் பயனில்லை, "கிட் ஆர்எம் --கேஷ்ட்" என்ற கட்டளையால் அதைக் கிட்டின் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், கோப்பு உங்கள் கணினியில் அப்படியே இருக்கும்.

தமிழில் எழுதும்போது

கொமிட் குறிப்பைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், கிட் யூனிகோட் எழுத்துகளைக் குறைவின்றி ஏற்கும். எந்த மொழி என்பதைவிட என்ன எழுதுகிறோம் என்பதே பெரிது. "திருத்தம்", "புதியது", "சரி" என்று எழுதப்பட்ட குறிப்புகள் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே ஒன்றும் சொல்லா. "இரண்டாவது பிள்ளைக்கு அரைக் கட்டணம், மூன்றாவது பிள்ளைக்கும் அதுவே என்று நிர்வாகம் சொன்னது" என்ற குறிப்பு, மூன்றாவது பிள்ளைக்கு ஏன் இலவசம் இல்லை என்று ஒரு தாய் கேட்கும் நாளில் உதவும். எந்த வரி மாறியது என்பதைக் கிட் தானே காட்டும். ஏன் மாறியது என்பதை நீங்கள் மட்டுமே எழுத முடியும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் "கிட் ஸ்டேட்டஸ்" தட்டியவுடன் பெயருக்குப் பதிலாக \340\256 என்பது போன்ற எண்களின் வரிசையைக் கண்டு, கோப்புக் கெட்டுவிட்டதோ என்று அஞ்சுவதுண்டு. கெடவில்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகளாக நிற்கும். கிட் அவற்றை எண்களாக விரித்துக் காட்டுகிறது, அவ்வளவே. "கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபோல்ஸ்" என்று ஒருமுறை தட்டிவிட்டால் பெயர்கள் தமிழிலேயே தெரியும்.

பாமினியில் தட்டப்பட்ட பழைய ஆவணங்களை இங்கு இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். பாமினி என்பது எழுத்துரு மட்டுமே. அதன் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அத்தகைய வாசகத்தை நிரலுக்குள் ஒட்டினால், இரண்டு பதிவுகளை ஒப்பிடும் "கிட் டிஃப்" உங்களுக்குக் காட்டுவது வாசிக்க முடியாத குப்பையாக இருக்கும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே கொமிட் செய்யுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான சிக்கல் ஒன்று உண்டு. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் அரவும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிட்டுக்கு வேறு வேறு. "கொடுப்பனவு" என்ற சொல் இருக்கும் வரி மாறியதாகக் கிட் சொல்லி, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாவிட்டால், இருவர் வேறு வேறு விசைப்பலகை மென்பொருளில் தட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வரி முடிவும் அப்படியே. விண்டோஸ் ஒரு வரியின் இறுதியில் இரண்டு குறிகளை இடும், லினக்ஸ் ஒன்றை இடும். தம்பியிடம் லினக்ஸ், என்னிடம் விண்டோஸ். அவர் ஒரு வரியை மாற்றினால் எனக்குக் கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரிந்தது. புள்ளியில் தொடங்கும் "கிட்அட்ரிபியூட்ஸ்" என்ற கோப்பில் ஒரு நட்சத்திரக் குறியும் "டெக்ஸ்ட்=ஓட்டோ" என்ற சொல்லும் கொண்ட ஒரே வரியை எழுதியதோடு அது அடங்கியது.

திரும்பிப் போதலும் கிளை பிரிதலும்

"கிட் லொக்" வரலாற்றைப் புதியதிலிருந்து பழையதாகக் காட்டும். இன்னும் பெட்டிக்குள் வைக்காத மாற்றத்தைக் கைவிட "கிட் ரிஸ்டோர்". ஏற்கெனவே கொமிட் செய்த மாற்றம் ஒன்றை நீக்க "கிட் ரிவேர்ட்". பின்னது வரலாற்றை அழிப்பதில்லை, பழைய மாற்றத்துக்கு எதிரான புதிய கொமிட் ஒன்றை மேலே வைக்கும். "கிட் ரிசெட் --ஹார்ட்" என்ற கட்டளையை இணையத்தில் எங்கேனும் கண்டு அப்படியே தட்டாதீர்கள். கொமிட் செய்யாத வேலையை அது கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

கிளை என்பது வரலாற்றில் ஒரு புள்ளியிலிருந்து தனியே தொடரும் பாதை. "கிட் ஸ்விட்ச் -சி" என்று தட்டிப் புதிய பெயர் கொடுத்தால் கிளை தயார். முதன்மைக் கிளை சில கணினிகளில் "மாஸ்டர்" என்றும், 2020 ஒக்டோபருக்குப் பின் கிட்ஹப்பில் உருவாக்கப்பட்ட களஞ்சியங்களில் "மெயின்" என்றும் இருக்கும். இருவரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் போதும்.

கிளைகளை இணைக்கும்போது, வெவ்வேறு வரிகளில் நிகழ்ந்த மாற்றங்களைக் கிட் தானே சேர்த்துவிடும். எங்கள் கழிவும் நடுமாதக் கணக்கும் ஒரே கோப்பில் இருந்தாலும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. அன்று கிட் இருந்திருந்தால் அந்த இரவு தூங்கியிருப்போம். ஒரே வரியையோ அடுத்தடுத்த வரிகளையோ இருவரும் மாற்றியிருந்தால் கிட் நின்று, கோப்புக்குள் இப்படிக் காட்டும்:

<<<<<<<
கழிவு = 50
=======
கழிவு = 25
>>>>>>>

மேலே இருப்பது நீங்கள் நிற்கும் கிளை சொல்வது, கீழே இருப்பது சேர வரும் கிளை சொல்வது. எது சரி என்று கிட்டுக்குத் தெரியாது, தெரிவதாக அது நடிப்பதும் இல்லை. ரியூட்டரி நிர்வாகியைக் கேட்டு, சரியான வரியை வைத்து, மூன்று குறி வரிகளையும் அழித்து, மறுபடி "அட்", "கொமிட்" செய்தால் முடிந்தது.

இன்னோர் இடத்தில் இன்னொரு பிரதி

மடிக்கணினி தண்ணீரில் விழுந்தால் வரலாறும் அதோடு போகும் என்பதால், இப்போதுதான் வெளியில் ஒரு பிரதி தேவைப்படுகிறது. 2008இல் தொடங்கி 2018இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிய கிட்ஹப் அதற்குரிய இடங்களில் ஒன்று. கிட்லாப், பிட்பக்கெட் போன்றவையும் உண்டு. பிறர் பார்க்க முடியாத தனிக் களஞ்சியத்தை அங்கே இலவசமாகவே வைத்திருக்கலாம். கிட்ஹப் 2021 ஓகஸ்ட் முதல், கட்டளை வரியில் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்கெனத் தனி டோக்கனோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கிட்ஹப் தரும் நீண்ட குறி) எஸ்.எஸ்.எச். சாவியோ (உங்கள் கணினியில் உருவாக்கிக்கொள்ளும் அடையாளக் கோப்பு) வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சலிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு கோப்பு 100 மெகாபைட்டுக்கு மேல் போனால் கிட்ஹப் அதை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையம் இல்லாவிட்டால் வெளிப்பிரதிக்குப் பென்ட்ரைவும் போதும். அதில் ஒரு கோப்புறைக்குள் "கிட் இனிட் --பெயார்" என்று தட்டினால், வேலை செய்யும் கோப்புகள் இன்றி வரலாறு மட்டும் இருக்கும் களஞ்சியம் உருவாகும். அதன் முகவரியை "கிட் ரிமோட் அட்" மூலம் உங்கள் களஞ்சியத்துக்குச் சொல்லிவிட்டு, "கிட் புஷ்" என்று அனுப்பலாம், "கிட் புல்" என்று எடுக்கலாம். பென்ட்ரைவுகளில் வழக்கமாக இருக்கும் கோப்பு முறை, கோப்பின் உரிமையாளர் யார் என்பதைப் பதிவதில்லை. ஆகவே 2022க்குப் பிந்திய கிட் அதைச் சந்தேகித்து மறுக்கக்கூடும். "சேஃப்.டிரெக்டரி" என்ற அமைப்பில் அந்தக் கோப்புறையின் பாதையைச் சேர்த்தால் வழிவிடும்.

எங்கள் பென்ட்ரைவ் அதன் பிறகும் திருநெல்வேலிக்கும் கொக்குவிலுக்கும் இடையே சில மாதங்கள் ஓடியது. ஒரு வியாழக்கிழமை தம்பி தன் மாற்றத்தை அதற்கு அனுப்ப முயன்றபோது, அவர் பார்த்திராத என் கொமிட் ஒன்று அங்கே முன்பே இருந்ததால், கிட் "ரிஜெக்டட்" என்று சொல்லி மறுத்துவிட்டது. அவர் "புல்" செய்து, என் மாற்றத்தைத் தன்னுடையதோடு இணைத்து, இரண்டாம் முறை அனுப்பினார்.